முத்திரைக்கு அம்மாவின் சம்மதம்

அண்ணன் மோர்மோன் ஆகிவிட்டான் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆவல்தான் வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் இதைச் சொன்னால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், திருப்பிக்கொள்ளட்டும். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்குள் புதிதாக ஒரு விஷயம் நுழைந்திருக்கிறது. அதை உட்கார வைத்து நாலு கேள்வி கேட்காமல் துரத்திவிட எனக்கு மனசில்லை.

அண்ணன் அமெரிக்காவில், மோர்மோன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைந்த யூட்டாவில் இருக்கிறான். மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பனிக்காலத்தில் அவன் நிமோனியாவில் படுத்தபோது, அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று வாரம் சூப் கொண்டுவந்து கொடுத்து, வாசலில் விழுந்த பனியையும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். நன்றி சொல்ல அவர்கள் கோயிலுக்குப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அம்மாவும் இங்கே பர்மாவில், பசுந்தாங்கில் இருக்கும் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறி வந்ததும் அவன் வீடியோவில் கூப்பிடுவது வழக்கம். எங்களுக்குக் காலை, அவனுக்குச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். அப்படி ஒரு நாள்தான் சொன்னான். அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கே டீ குடிக்க விடுவார்களா என்று கேட்டாள். டீயும் காப்பியும் ஆகாது என்று அவன் சொன்ன பிறகுதான் அவளுக்கு உண்மையான கவலை வந்தது. மதம் மாறியதைவிட அது பெரிதாகப் போய்விட்டது.

எனக்கு வேறொன்று மாட்டியது. பேச்சுவாக்கில் அவன் 'சீலிங்' என்று ஒரு சொல்லைச் சொன்னான். தமிழில் முத்திரித்தல் என்று வைத்துக்கொள்ளலாம். நான் லான்மடாவில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, வீட்டுச் சயின் எல்லாவற்றையும் பர்மியத்திலிருந்து ஆங்கிலமாக்குவது என் பிழைப்பு. வீட்டுச் சயின் என்பது ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் அப்பா அம்மா என்று அரசாங்கம் எழுதிவைக்கும் பட்டியல். ஒரு சொல் புரியாமல் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. அன்று கரண்ட் இருந்த நாலு மணி நேரமும் போனை விட்டு நகரவில்லை.

கிடைத்ததைச் சொல்கிறேன். சுமார் இருநூறு வருஷத்துக்கு முன் அந்த மதத்தைத் தொடங்கியவர், பழைய காலத்துத் தீர்க்கதரிசி ஒருவர் தமக்குத் தரிசனம் தந்து ஓர் அதிகாரத்தை ஒப்படைத்தார் என்றார். இங்கே சேர்த்து வைப்பதை மறுமையிலும் பிரியாமல் வைக்கும் அதிகாரம். அதைக்கொண்டு செய்வதுதான் முத்திரித்தல். எங்கள் கோயில்களில் சாவு வரைக்கும் என்று சொல்லி மோதிரம் போடுகிறோம். அவர்கள் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். முத்திரித்த புருஷனும் பெண்சாதியும் செத்த பிறகும் புருஷன் பெண்சாதிதான். பிள்ளைகளையும் அப்படியே பெற்றோரோடு சேர்த்து முத்திரிக்கிறார்கள். இறந்தவர்களுக்கும் செய்யலாம், அவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருக்கிறவர்கள் நின்று. இதை முதல் தடவை படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சரியா தப்பா என்பது வேறு பேச்சு. இவ்வளவு பெரிய ஆசையை ஒரே சொல்லில் வைக்க ஒரு மனுஷனுக்குத் துணிச்சல் வந்திருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

அந்தச் சொல் பிறகு செய்த காரியம்தான் இன்னும் சுவாரசியம். ஆரம்பத்தில் பலர் சொந்த அப்பாவை விட்டு, மதத்தின் பெரிய தலைவர்களுக்குப் பிள்ளைகளாகத் தங்களை முத்திரித்துக்கொண்டார்களாம். தத்துப் போவதுபோல. அரை நூற்றாண்டு அப்படி நடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு தலைவர் அதை நிறுத்தினார். அவரவர் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று முடிந்த மட்டும் பின்னால் போய் முத்திரியுங்கள் என்றார். பின்னால் போக ஆவணம் வேண்டாமா? உலகம் முழுக்கப் போய்ப் பிறப்பு, கல்யாண, சாவுப் பதிவேடுகளைப் படமெடுத்து, ஒரு கருங்கல் மலையைக் குடைந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அதில் ஏராளம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் சிலர்கூட அங்கே தேடித்தான் பழைய சான்றுகளைக் கொண்டுவருகிறார்கள். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சொல் மலையைக் குடைந்திருக்கிறது என்று கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். நானும் சேர்ந்துவிடப் போகிறேனோ என்று முதலாளி பயந்தார்.

அடுத்த வாரம், அம்மா தாமுவே சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அப்பாவையும் தன் அம்மாவையும் முத்திரிக்க வேண்டும், தன்னை அவர்களின் பிள்ளையாக முத்திரிக்க வேண்டும் என்றான். தன் அம்மா என்று அவன் சொன்னது எங்கள் அம்மாவை இல்லை.

அவனைப் பெற்றவர் அப்பாவின் முதல் மனைவி. அவனுக்கு மூன்று வயது ஆவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா இரண்டாவதாக வந்தவள். தாமுவேயில் ஓர் இந்துக் குடும்பத்துப் பெண். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு அப்பாவைக் கட்டினாள். வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு. கல்யாணத்தன்று மூன்று வயது அண்ணன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான் என்பது எங்கள் வீட்டில் அலுக்காமல் சொல்லப்படும் கதை. அதற்குப் பிறகு பிறந்த என்னைவிட அவனைத்தான் அவளுக்குப் பிடிக்கும். இதைச் சொல்லி ஐந்து வயதிலிருந்து சண்டை போட்டு வருகிறேன். இதுவரை அவள் மறுத்ததில்லை.

அண்ணன் விவரம் சொன்னான். அப்பா எட்டு வருஷத்துக்கு முன்தான் போனார். ரொம்பக் காலத்துக்கு முந்தியவராக இல்லாவிட்டால், மிக நெருங்கிய உறவின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்பாவுக்கு மிக நெருங்கிய உறவு அம்மா. ஆகவே அம்மா சம்மதிக்க வேண்டும். ஆனால் அம்மாவை அப்பாவோடு இப்போது முத்திரிக்க முடியாது, அவள் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர் தானே அந்த மதத்தில் சேர்ந்து, தானே அவர்கள் கோயிலுக்குப் போய் நிற்க வேண்டும். அதாவது, எழுபத்தேழு வயதில் தன் புருஷனையும் தான் வளர்த்த பிள்ளையையும் இன்னொருத்திக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்க அம்மா சரி என்று சொல்ல வேண்டும்.

"பெத்த தாய் பேருகூடத் தெரியாம அறுபது வயசு ஆகப்போவுது எனக்கு," என்றான். "அம்மாட்ட எப்படிக் கேப்பேன்? நீ பேர மட்டும் தேடிக் குடு. கேக்கறத நானே கேக்கறேன்."

பெயர் தெரியாதது ஆச்சரியமில்லை. இந்த ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று பெயர் உண்டு. வீட்டில் ஒன்று, கோயிலில் ஒன்று, பர்மியர்களுக்கு ஒன்று. சிலர் எல்லாக் காகிதத்துக்கும் கோயில் பெயரையே, பெண்ணானால் பர்மிய மரியாதைக்கு முன்னால் ஒரு 'தோ' சேர்த்து, கொடுத்துவிடுவார்கள். அம்மா அப்படித்தான், தோ போட்டு ஒரு புனிதையின் பெயர். அண்ணனுடைய பிறப்புச் சான்று, பள்ளிக்கூடக் காகிதம், வீட்டுச் சயின் எல்லாவற்றிலும் தாய் என்ற இடத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது. அம்மா வந்த பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இறந்தவரை வீட்டில் 'மூத்தவங்க' என்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பங்கின் பதிவேடுகள் அந்த இணையத்தில் இல்லை. ஆகவே நானே கிளம்பினேன். கோயில் ஆபீஸில் இருக்கும் டீச்சரம்மாவைப் பர்மிய வழக்கப்படி சயாமா என்போம், கரேன் இனப் பெண்மணி, கறாரானவர். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனின் காகித வேலை என்றேன். அது பொய் இல்லை. அவர் கல்யாணப் பதிவேட்டைக் கொண்டுவந்து போட்டார். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டியபோது எனக்குப் பரீட்சை முடிவு பார்க்கும் படபடப்பு. அரை மணி நேரத்தில் அப்பாவின் பெயர் வந்தது. பக்கத்தில் மணமகள், அம்மாவின் பெயர். ஆகா, இவர்கள் கல்யாணம் இங்கே இருக்கிறதென்றால் முதல் கல்யாணம் இதற்கு முன்னால்தானே இருக்க வேண்டும்? சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போனேன்.

இரண்டு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. பழைய பதிவேடுகள் இரண்டைக் கரைத்துக் குடித்தேன். அப்பாவின் பெயர் வேறெங்கும் இல்லை. அவசரக்காரி நான், உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். முதல் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை, ஒருவேளை நடக்கவே இல்லை. அதை அண்ணனிடம் சொல்லியும் தொலைத்தேன். திரையில் அவன் முகத்தைப் பார்த்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். தாயின் பெயரைக் கேட்டவனுக்கு நான் அவள் தலையில் ஒரு பழியைத் தூக்கி வைத்திருந்தேன்.

நாலு நாள் கழித்துக் கடையில் ஒரு குடும்பத்தின் சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் பிறந்த வருஷம் பெற்றோரின் கல்யாண வருஷத்துக்கு முன்னால் இருந்தது. இப்படி இருந்தால் தூதரகத்தில் கேள்வி வரும். வழக்கம்போலச் சிவப்புப் பென்சிலால் சுழித்தேன். சுழித்த கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா கல்யாணத்தன்று அண்ணனுக்கு மூன்று வயது. அப்படியானால் அவர்கள் கல்யாணமும் இப்படித்தான் அவன் பிறந்த பிறகு இருக்க வேண்டும். போனைத் திறந்து நான் எடுத்த படத்தைப் பார்த்தேன். அதிலிருந்த வருஷம் அவன் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்! ஊரார் வீட்டுத் தேதியை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், சொந்த வீட்டுத் தேதியைப் பார்க்கவில்லை.

முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சயாமா ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக் கெஞ்சித் திறக்க வைத்தேன். இந்தத் தடவை முன்னோக்கிப் புரட்டினேன். ஐந்து வருஷம் தள்ளி அப்பா மறுபடி வந்தார். அவர் பெயரோடு லத்தீனில் ஒரு சின்னக் குறிப்பு. மனைவியை இழந்தவர் என்று அர்த்தம் என்றார் சயாமா. மணமகள் இடத்தில் மறுபடியும் அதே புனிதையின் பெயர். அண்ணன் பிறப்புச் சான்றை யாரும் மாற்றி எழுதவில்லை. அதில் இருந்தது அவனைப் பெற்றவரின் பெயரேதான். நானும் சயாமாவும் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எனக்கு நின்ற இடத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது.

படிக்கட்டில் ஏறும்போது அந்தச் சந்தோஷம் கோபமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பெயரென்றால், செத்தவள் சட்டையை மாட்டுகிற மாதிரி அவள் பெயரை அம்மாவுக்கு மாட்டியிருக்கிறார்கள். அப்பாவின் அக்காவாகத்தான் இருக்கும், அந்த அத்தைக்குத்தான் எல்லாரையும் ஆட்டி வைக்கிற குணம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நான் கண்டுபிடித்ததை மட்டும் கொட்டினேன். அண்ணன் கேட்கப்போவதைச் சொல்லவில்லை. அத்தையை இரண்டு வார்த்தை திட்டவும் செய்தேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவங்கள ஏன் வையிற? யாரும் சொல்லல. நாந்தான் கேட்டேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஞானஸ்நானத்துக்கு மொத நாளு சாமியார் என்ன பேரு வேணும்னு கேட்டாரு. இவன அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல போடணும். இந்த ஊருல எந்த ஆபீசுக்குப் போனாலும் அம்மா பேரு என்னான்னுதான் கேப்பான். ஒவ்வொரு தடவையும் புள்ள செத்தவ பேரச் சொல்லிட்டு, பக்கத்துல நிக்கிற எனக்கு வேற பேருன்னு சொல்லணுமா? காயிதத்துல இருக்கற பேருக்கு நான் மாறிட்டா அவனுக்கு ஒரே அம்மாதானே. அதான் அவ பேரே குடுங்கன்னேன்."

ஐம்பத்து மூன்று வயது வரை இது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அவரும் சொல்லவில்லை. அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கீரை சிதறுகிறதே என்று அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

அண்ணனுக்கு அன்றே எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பக்கங்களின் படத்தையும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது கண் சிவந்திருந்தது. ஆனாலும் ஒளிக்காமல் கேட்டான். முத்திரித்தல் என்றால் என்ன, யாரை யாரோடு, அவளுடைய சம்மதம் ஏன் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். நான் பொறுக்கமாட்டாமல், அந்த மதத்திலேயே ஒரு காலத்தில் பெறாத அப்பாவுக்கும் பிள்ளையாக முத்திரித்தார்களே என்று குறுக்கே புகுந்தேன். சும்மா இரு என்று கையைக் காட்டினாள். கடைசியில் அவன் ஒரு சங்கடத்தைச் சொன்னான். இணையத்தில் குடும்ப மரத்தில் இரண்டு பேரையும் எழுதியிருக்கிறான். பெயரும் ஒன்று, புருஷனும் ஒன்று என்பதால், இவர்கள் இருவரும் ஒரே ஆளா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்கிறதாம். இல்லை என்று அமுக்கி அமுக்கி அவனுக்குக் கை வலிக்கிறது.

அம்மா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவரோட அவ நாலஞ்சு வருஷம்தான் இருந்தா. எனக்கு நாப்பத்தேழு வருஷம் கெடச்சுச்சு. அவங்க ரெண்டு பேரையும் சேத்து வையி, சம்மதம்," என்றாள். "பேரையும் அவளுக்கே குடுத்துடு. என்னய எங்கப்பா வச்ச பேருல எழுது. இத்தன வருஷம் எரவல் வாங்குனது போதும்."

பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"புள்ளய மட்டும் குடுக்க மாட்டேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தான். தன்னை அவர்களோடு சேர்க்கிற அந்த ஒரு பகுதியை விட்டுவிடுகிறேன் என்றான். அப்படியானால் தன் பிள்ளையாக எழுதேன் என்றாள் அம்மா.

"நீ இதுல சேரணும். இல்லன்னா நீ போன பெறகுதாம்மா, அதுவும் அனுமதி கேட்டு," என்றான்.

அம்மா சேரமாட்டாள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த எடம் காலியாவே இருக்கட்டும்மா. ரொம்ப வருஷம் காலியா இருக்கட்டும்."